தடம் இல்லாத பட்டி

ஐம்பத்திரண்டாவது வயதில் எனக்கு ஒரு பாடி தைக்க வேண்டி வந்தது. பெண்கள் ரவிக்கைக்குள் போட்டுக்கொள்வார்களே, அதேதான். வேறு பெயர் சொல்லிப் பூசி மெழுகிப் பயனில்லை. வெள்ளை டிரில் துணி, தோளுக்கு இரண்டு அகலப் பட்டை, முன்னால் ஆறு கொக்கி. ஆஸ்பத்திரியில் அதை நெஞ்சுப்பட்டி என்று நாகரிகமாகச் சொன்னார்கள். போன மாதம் வரை அது என் அலுமாரிக் கதவின் உட்புறத்து ஆணியில், பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களுக்கு மட்டும் நான் கட்டும் கழுத்துப்பட்டிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டதில் எனக்கு இன்று வெட்கமில்லை. ஒன்பது நாள் அதைப் போடாமலே போட்டதாக நடித்தேன். அந்த நடிப்பையும், அதைக் கண்டுபிடித்த மிஸ்ஸையும் பற்றியதுதான் இந்தக் குறிப்பு.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிப்பவன் நான். திருவிழாக் காலங்களில் பட்டிமன்ற மேடையில் ஆட்களைச் சிரிக்க வைக்கவும் கூப்பிடுவார்கள். மூன்று இடத்தில் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டபோது என் எடை நூற்றுப் பதினொரு கிலோ. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நெஞ்செலும்பை நெடுக அறுத்து, இதயத்துக்குப் புதுக் குழாய்கள் வைத்து, எலும்பைக் கம்பியால் கட்டி, மேலே தோலைத் தைத்து அனுப்பினார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். பிறகு பேனா முனையால் என் மார்பின் இரு பக்கச் சதையையும் சுட்டிக் காட்டி, “எங்க வேலை முடிஞ்சுது, இனி இதுதான் உங்க பாடு” என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படி எடுத்துக்கொண்டதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. எங்கள் வம்சத்தில் தொந்தி வைத்த முதல் ஆள் நான். திருச்சிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு நடந்து வந்த பூட்டனிலிருந்து என் அப்பா வரைக்கும், வரிசைக் குடியிருப்பான லயத்து அறைகளில் பிறந்து லயத்து அறைகளிலேயே போய்ச் சேர்ந்த ஒருவருக்கும் பிடித்துக் கிள்ளச் சதை இருந்ததில்லை. வீட்டில் இருக்கிற ஒரே பழைய படத்தில் எல்லாருடைய விலா எலும்பையும் எண்ணிவிடலாம். எனக்கு ஆசிரியர் நியமனமும் தொந்தியும் ஏறக்குறைய ஒரே வருஷத்தில் கிடைத்தன. மலையில் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்த அம்மா, இரண்டையும் ஒரே பெருமையோடுதான் அக்கம்பக்கத்துக்குக் காட்டினாள். அம்மா போன பிறகு அந்தத் தொந்தியைப் பராமரிக்கும் பொறுப்பைக் கந்தப்பளையிலிருக்கும் அக்கா ஏற்றுக்கொண்டாள். நான் வீடு வந்த மறுநாளே இறகு பிடுங்கிய கோழியோடு வந்து இறங்கினாள்.

“கைப்புடி சதை இல்லாதவனுக்குத்தான் தம்பி காயம் ஆறாது. ஒனக்கு என்ன? ஒட்டுறதுக்கு வேணுங்கிற மட்டும் கெடக்கு” என்றாள்.

நாலு அலுமாரி புத்தகம் படித்தவன் இதை நம்பினேன். நம்பியதோடு விடாமல் தர்க்கமும் சேர்த்தேன். மண் தாராளமாக இருந்தால் சுவரில் வெடிப்பைப் பூசுவது சுலபம் அல்லவா? உடம்புக்குள் இத்தனை வருஷச் சேமிப்பு இருக்கிறது, அவசரத்துக்கு எடுத்துச் செலவழிக்கும் என்று மனைவிக்கு விளக்கினேன். அவள் கோழியின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது பார்க்க வந்தவர்கள். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். மால்ட் மா பெட்டி, பிஸ்கட், சிவப்பு அப்பிள். கொண்டுவந்ததைக் கரைத்து, கொண்டுவந்தவர் கண்ணெதிரே நோயாளி குடித்து முடிக்க வேண்டும், அதுதான் மரியாதை. சீனி போடாமல் குடித்தால் மனசு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். “பரவாயில்லையே, கொஞ்சமும் வத்தலியே” என்று ஒவ்வொருவரும் என் வயிற்றைப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். வத்தினால்தான் ஆபத்து என்பது மூன்று தலைமுறைப் பட்டினி எங்களுக்குக் கற்றுக்கொடுத்த மருத்துவம். ஒவ்வொருவர் வரும்போதும் நான் எழுந்து நின்றேன். கதிரையின் கைப்பிடியில் கையை ஊன்றி எழும்பக் கூடாது, எலும்பு பொருந்தும்வரை கை பாரம் தாங்கக் கூடாது என்று வீடு வரும்போது தந்த கடுதாசித் துண்டில் எழுதியிருந்தது. பாடசாலை அதிபர் வந்தால் ஊன்றாமல் எப்படி எழும்புவது?

காயம் கட்டத் தினமும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே மருந்து கட்டும் அறையில் இருந்த தாதியைத்தான் மிஸ் என்கிறேன். எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முப்பது வயதிருக்கும். பொகவந்தலாவைப் பக்கத்து லயத்துப் பிள்ளை. அந்தக் குளிரிலும் ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே தள்ளிவிட்டிருப்பார். அவருக்கு ஒரு பழக்கம்: நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார், காயத்தைப் பார்த்தே பேசுவார். முதல் நாள் பஞ்சைப் பிரித்தவர், தையலின் கீழ்முனையில் ஓர் இடம் நசநசவென்று ஈரமாக இருப்பதைக் கண்டார். பிறகு என் மார்பின் இரண்டு பக்கத்தையும் இரண்டு உள்ளங்கையால் நடுவை நோக்கித் தள்ளிப் பிடித்தார். ஈரமாக இருந்த இடம் மூடிக்கொண்டது. கையை எடுத்தார். திறந்துகொண்டது. மறுபடி பிடித்தார், மறுபடி விட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“ராவு பகலா இந்த ரெண்டு சொமையும் ரெண்டு பக்கம் இழுக்குது. தையல் என்னத்த செய்யும் பாவம்?” என்றார் காயத்திடம்.

நான் அக்காவின் மருத்துவத்தை, கொஞ்சம் இலக்கியத் தமிழில், அவருக்கு எடுத்துச் சொன்னேன். சேமிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தினேன். அப்போதுதான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“சதை வேற, சத்து வேற சேர். இது கொழுப்பு. இதுக்குள்ள ரத்தக் கொழாய் கம்மி. ரோடு போடாத தோட்டத்து டிவிசன் மாதிரி. எவ்ளோ பெரிய டிவிசனா இருந்து என்ன? அம்புலன்ஸ் கீழ ரோட்டுலயே நின்னுரும். மருந்தும் போகாது, காயத்த ஆத்துற ரத்தமும் போகாது. உள்ள தண்ணி தேங்கும், கிருமி குடியிருக்கும். இதுல சீனி வருத்தம் வேற இருக்கு உங்களுக்கு.” புதுப் பஞ்சை எடுத்துக்கொண்டே, “அது எலும்பைத் தொட்டுட்டா திரும்பப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும். மறுபடி தொறந்து கம்பிய எல்லாம் எடுப்பாங்க” என்றார்.

மறுபடி திறப்பார்கள் என்ற சொல்தான் எனக்குள் இறங்கியது. முதல் முறை திறந்தபோது நான் பயப்படவில்லை, என்னவென்று தெரியாததால். இரண்டாம் முறைக்கு அந்தச் சலுகை கிடையாது. பிறகு மிஸ் ஒரு வரிசை நம்பர் துண்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து மனைவியிடம் கொடுத்தார். தோளுக்குப் பட்டை, முன்னால் கொக்கி, கீழே இறுக்கம். “குளிக்கிற நேரம் தவிர எந்த நேரமும் இருக்கணும். இருமுறப்ப தலகாணிய நெஞ்சோட கட்டிப் புடிங்க. மால்ட்டு வேணாம். முட்டை வெள்ளை, மீன், பயறு குடுங்க அக்கா.”

மனைவி அந்தப் படத்தை பஜாரில் தன் ரவிக்கை தைக்கும் டெய்லரிடம் கொண்டுபோனாள். யாருக்கு என்று அவர் கேட்டபோது, நாற்பத்தெட்டு அங்குலத்துக்குப் புருஷன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, “எங்க அண்ணிக்கு” என்று சொல்லிவிட்டாள். அண்ணி என்றால் என் அக்கா; அவள் விறகுக்குச்சி மாதிரி இருப்பாள். ஹட்டனில் நாற்பத்தெட்டு அங்குலத்தில் தன் பெயருக்கு ஒரு பாடி தைக்கிறார்கள் என்ற செய்தி நாலாவது நாள் கந்தப்பளைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் கோழி வரவில்லை. என் சிகிச்சையில் நடந்த முதல் நல்ல காரியம் அது.

பட்டி வந்தது. நான் போடமாட்டேன் என்றேன். காரணம் கேட்டால் வெட்கம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கும் ஒரு முன்கதை உண்டு. எதிரணித் தலைவர் ஒருவரின் உடம்பைக் காட்டி, “ஐயாவுக்கு வாதம் மட்டும் போதாது, ஒரு பாடியும் வேண்டும்” என்று நானே மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு திருவிழாவில் அல்ல, ஐந்தாறு திருவிழாக்களில். அந்தக் கைதட்டு இப்போது என் சட்டைக்குள் கொக்கி கொக்கியாக நின்றது. ஆஸ்பத்திரி அட்டெண்டன் என் பழைய மாணவன். வீட்டுக்கு வருபவர்களில் பாதிப் பேர் என் பழைய மாணவர்களின் பெற்றோர். மெல்லிய சட்டைக்கு மேலே பட்டையின் விளிம்பு தெரியும். அப்புறம் நான் எந்த மேடையில் ஏறுவது?

ஆகவே ஒரு ஏற்பாடு செய்தேன். பட்டியைக் கடுதாசிப் பையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். நம்பர் எடுத்த பிறகு பின்பக்கத்து டொய்லட்டுக்குள் நுழைந்து, சட்டையைத் தண்ணீர்க் குழாயில் தொங்கவிட்டு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஆறு கொக்கியையும் மாட்டுவேன். மருந்து கட்டி முடிந்ததும் அதே டொய்லட்டில் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீடு திரும்புவேன். மனைவி வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். “என்னங்க, காயம் அவங்களுக்கா உங்களுக்கா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். மேடையிலென்றால் அதற்குப் பத்துப் பதில் வைத்திருப்பேன்.

காயத்துக்கு நடிக்கத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் ஈரம் கூடியது. ஏழாம் நாள் அதிபரைக் கண்டு எழும்பியபோது உள்ளே ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. சட்டையில் வெளிர்மஞ்சள் கறை. எட்டாம் நாள் கீழ்முனையில் இரண்டு தையல் பிரிந்து, வாய் மாதிரித் திறந்துகொண்டது. மிஸ் பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். பார்த்துவிட்டுக் குச்சியை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். வழக்கமாகக் காயத்தோடு பேசுகிறவர் அன்று அதனோடும் பேசவில்லை. டொக்டரைக் கூப்பிட்டார். எலும்புக்கு இன்னும் கொஞ்சம்தான் இடைவெளி, இரண்டு நாள் பார்ப்போம், இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு டொக்டர் போனார்.

மிஸ்ஸுக்குப் புரியவில்லை. பட்டி இருக்கிறது, மருந்து இருக்கிறது, தினமும் கட்டுகிறார், பிறகு ஏன்? கிருமி பார்க்க அனுப்பினார். பஞ்சை மாற்றினார். பட்டியை இன்னும் ஒரு சுற்று இறுக்கச் சொன்னார். ஒன்பதாம் நாள், காரணம் கிடைக்காத எரிச்சலில், மனைவியை உள்ளே கூப்பிட்டு என் முன்னாலேயே பிடித்துக்கொண்டார்.

“அக்கா, நெசத்தச் சொல்லுங்க. சீனி போட்டு ஊத்திக் குடுக்கிறீங்களா? ஆசைக்குக் குடுத்துக் குடுத்தே ஆளக் கொல்லப் போறீங்களா?”

மனைவி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையில், மால்ட்டை எனக்குத் தெரியாமல் பாதிக்கு மேல் சமையலறைப் பேசினில் ஊற்றிக்கொண்டிருந்தவள் அவள். நான் அந்தக் கட்டிலில் மேற்சட்டையில்லாமல் உட்கார்ந்து, நிரபராதி ஒருத்தி என் பேரில் ஏச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேச வேண்டிய நேரம் அதுதான் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் பேசவில்லை. ஒன்பது நாளில் எனக்குச் சொந்தமாகச் சேர்ந்த அழுக்கு அது.

மருந்து கட்டி முடித்து, பட்டியின் கொக்கியை மாட்டத் தொடங்கிய மிஸ் மூன்றாவது கொக்கியில் நின்றார். தோள் பட்டையைக் கொஞ்சம் நகர்த்தினார். அதற்கடியில் என் தோளை ஒரு விரலால் தடவினார். மாட்டியதையெல்லாம் கழற்றிவிட்டு, என்னை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

“சேர், இத எப்ப போட்டீங்க?”

“காலையிலேயே.”

“காலையிலன்னா?”

“ஆறு மணி இருக்கும்.”

“எங்கம்மா இருவத்தெட்டு வருசம் தலையில பட்டி மாட்டிக் கொழுந்துக் கூடை சொமந்தவங்க. வேலைய விட்டு இப்ப நாலு வருசம். இன்னும் நடுமண்டையில அந்தத் தடம் பள்ளமாக் கெடக்கு. தலைக்கு ஊத்தி விடுறப்ப என் வெரல்ல தட்டுப்படும்.” என் தோளை இன்னொரு தடவை தொட்டுக் காட்டினார். “சொமை தாங்குற பட்டி தடம் போடும் சேர். இது பெரட்டுக்கே வராத தோளு.”

பெரட்டு என்பது அதிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்க எல்லாரும் வந்து நிற்கும் இடம். அங்கே வராதவனுக்கு அன்று பெயர்ப் பதிவும் கூலியும் கிடையாது. என் அம்மா ஒரு நாளும் பெரட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. அவளுடைய உச்சந்தலையிலும் அந்தத் தடம் இருந்தது. முடி மெலிந்து, ஒரு விரல் அகலத்துக்கு அமுங்கிய கோடு. சின்ன வயதில் அவளுக்கு எண்ணெய் வைக்கும்போது நான் அந்தக் கோட்டில் விரலை ஓட்டி விளையாடியிருக்கிறேன். பட்டியும் சுமையும் தடமும் என்னவென்று எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

“ஒம்பது நாளா டொய்லட்டுல மாட்டிக்கிட்டு வர்றாரு மிஸ்” என்றாள் மனைவி. குரலில் கோபம்கூட இல்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். மிஸ் மனைவியின் பக்கம் திரும்பி, “மன்னிச்சுக்குங்க அக்கா. தெரியாம உங்கள ஏசிப்புட்டேன்” என்றார். பிறகு ஆறு கொக்கியையும் மாட்டினார், ஒவ்வொன்றும் அதனதன் சத்தத்தோடு. “நாளைக்குத் தடத்தோட வாங்க. தடம் இல்லாட்டி நான் கட்டமாட்டேன். திருப்பி அனுப்பத் துண்டு எழுதச் சொல்லிருவேன்.” அவ்வளவுதான். நல்ல ஏச்சாக நாலு கிடைத்திருந்தால் வீட்டுக்கு வந்து அதை ஒரு பகிடியாக்கியிருப்பேன். அந்த வசதியை எனக்குத் தரவில்லை.

மறுநாள் தடத்தோடு போனேன். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் முதலில் தோளைப் பார்ப்பார், பிறகுதான் பஞ்சைப் பிரிப்பார். திருப்பி அனுப்பும் பேச்சு இரண்டு நாளிலிருந்து நான்கு நாளாகி, அப்புறம் நின்றுபோனது. கொழுப்புக்குள் திறந்த காயம் ஆறுவதைப் போல் எரிச்சலூட்டும் காரியம் வேறில்லை. மேலே மூடினால் போதாது. அடியிலிருந்து சதை வளர்ந்து வர வேண்டும். மேல்வாய் அவசரப்பட்டு மூடப் பார்த்தால் மிஸ் பஞ்சைத் திணித்துத் திறந்து வைப்பார். ஒரு நாளைக்கு அரிசி மணி அளவுதான் ஆறும். மழையில் பட்டி காயாது. இரண்டாவதாக ஒன்று தைத்தோம், இம்முறை என் பெயரில். அது கொடியில் தொங்கியதைத் தெருவே பார்த்தது. வந்த மால்ட் பெட்டிகளை மனைவி மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது எடுத்துப் போனாள். அவற்றில் மூலை நசுங்கிய ஒன்று நாலு வீடு சுற்றி, ஐந்தாவது ஆளின் கையில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. பதினோராவது வாரம் மிஸ் காயத்தைப் பார்த்து, “ம், போதும்” என்றார். எனக்கா காயத்துக்கா என்று தெரியவில்லை. அடுத்த மாதம் அவருக்கு வலப்பனைக்கு மாற்றம் வந்துவிட்டது. நன்றி சொல்ல நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு கையிலேயே தங்கிவிட்டது.

போன மாதம் ஹட்டன் பஸ் நிலையத்தில் மிஸ் நுவரெலியா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். இப்போது நான் பதினாறு கிலோ குறைவு. அதை முதலில் அவரே கவனிப்பார் என்ற நம்பிக்கையோடு எதிரே போய் நின்று வணக்கம் சொன்னேன். முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஆளைத் தெரியவில்லை. நெஞ்சு ஒப்பரேஷன் என்றேன். “நெறைய பேரு சேர்” என்றார். வேறு வழியில்லாமல், குரலைத் தாழ்த்தி, பட்டி, டொய்லட் என்றேன்.

“ஆ! டொய்லட் சேர்!” என்றார். நிலையத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தயாரித்து வைத்த பேச்சில் எஞ்சியிருந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: அந்தப் பட்டியை ஞாபகத்துக்காக அலுமாரியில் இன்னும் தொங்கவிட்டிருக்கிறேன்.

“தொங்கவிட்டு என்னத்துக்கு? நல்ல டிரில் துணி. எங்க ஆஸ்பத்திரி வாட்டுல இப்ப ஒருத்தரு இருக்காரு, மரக்கறி லொறி டிரைவரு, உங்களவிடப் பெரிய ஆளு. தொவச்சு ஒரு பையில போட்டு பஸ்ஸுல குடுத்து விடுங்க” என்று போன் நம்பரை எழுதித் தந்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

கொடுத்துவிட்டோம். அலுமாரியில் அந்த இடத்தில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. நாலு நாள் கழித்து, பட்டி போய்ச் சேர்ந்ததா, அந்த டிரைவருக்குப் பொருந்தியதா என்று கேட்டு மனைவி மிஸ்ஸுக்குப் போன் எடுத்தாள். பேசி முடித்துப் போனை வைத்துவிட்டு, மீன் கழுவப் போகிற வழியில் என்னிடம் சொன்னாள்:

“பக்கத்துக்கு ஒரு துணித் துண்டு வச்சுத் தச்சாங்களாம். மொத நாளே தடத்தோட வந்து நின்னாராம். அவரு படிச்சவரு இல்லையாம்.”